ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்

அத்தியாயம் 14

‘இடம் இல்லை’ என்பது இரண்டே வார்த்தை. சென்ற வாரம் அந்த வீட்டை அது படுத்திய பாடு இருக்கிறதே, சொல்லி மாளாது.

அண்ணி சொன்னது என்னவோ பெட்டியைப் பற்றித்தான். மாடிப்படிக்குக் கீழே அலமாரியில் உறுமிக்கொண்டிருக்கும் பழைய கம்ப்யூட்டரைத்தான் அந்த வீட்டில் ‘பெட்டி’ என்பார்கள். குடும்பப் படங்கள், ரசீதுகள், சான்றிதழ்கள் எல்லாம் அதற்குள்தான். வீட்டில் யார் எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் வயர் இல்லாமலே அதைத் திறந்து எடுக்கலாம், வைக்கலாம். அது நிரம்பி வழிந்ததைப் பார்த்து, “இங்க இனிமே இடமே இல்ல” என்று அவள் சத்தமாகச் சொன்ன நேரம் பார்த்து, நாத்தனார் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

புருஷனை விட்டுப் பிரிந்து, பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்து, ஏழு மாதம் ஆகிவிட்ட நாத்தனார். வீட்டில் அவளுக்குச் ‘சின்னவள்’ என்று பெயர். அவள் காதில் அந்த வாக்கியம் எப்படி விழுந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அன்றிலிருந்து இரண்டு பெண்களுக்கும் நடுவில் ‘ம்’, ‘சரி’, ‘வேண்டாம்’ தவிர வேறு பேச்சில்லை.

பெட்டியை மட்டும் மனசில் வைத்துத்தான் சொன்னாயா என்று யாராவது கேட்டிருந்தால், அண்ணியால் சத்தியம் செய்திருக்க முடியாது. நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி.

“அண்ணா! பெட்டி திறக்க மாட்டேங்குது!”

சின்னவளின் குரல் மாடியிலிருந்து வந்தது. சாப்பாட்டு மேஜையில் அண்ணியின் சிவப்புப் பேனா பாதி வரியில் நின்றது. பாடப்புத்தகம் போடும் பதிப்பகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்திக் கொடுப்பவள் அவள். ஒரு ஒற்று விட்டுப்போனாலும் பிடித்துவிடும் கண் என்று அங்கே பேர். அந்தக் கண் இப்போது ஒரே எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

கையில் காபியோடு அவள் கணவன் எழுந்தான். வேலை லிஃப்ட் மெக்கானிக், ஆசையெல்லாம் கம்ப்யூட்டரில். பெட்டியை அவன் கொண்டுவந்து வைத்து, “இது சாதாரணக் கம்ப்யூட்டர் இல்ல, சர்வர்” என்று பெருமையடித்த அன்றே, “சர்வர், ரெண்டு காபி” என்று தங்கை குரல் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அவனுக்கும் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

“என்ன அவசரம்? லீவு நாளு” என்றான் சர்வர்.

“அவசரமா? நாலு மணிக்கு அச்சகத்துக்குப் படம் போகணும்ணா! முப்பத்தாறு நாற்காலி! எல்லாம் பெட்டிலதான் இருக்கு!”

“கேமரால இருக்குமே?”

“கார்டை அழிச்சிட்டேன். என் கம்ப்யூட்டர்ல இடம் இல்லன்னுதானே பெட்டில போட்டேன்?”

இடம் என்ற சொல் வந்ததும் சின்னவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அண்ணியும் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான்கு வருடம் கேமராவைத் தொடாமல் இருந்தவளுக்குக் கிடைத்த முதல் வேலை அது. மரச்சாமான் பட்டறைக்காரர் ஒருவர் தம் நாற்காலிகளை எல்லாம் படம் எடுத்துத் தரச் சொல்லியிருந்தார். மூன்று நாள் மரத்தூளில் புரண்டு எடுத்தாள். மறுபடி எடுக்கலாம் என்றால் நாற்காலிகள் அங்கே இல்லை. லாரியில் ஏறி நேற்றே கண்காட்சிக்குப் போய்விட்டன. இது நன்றாக முடிந்தால் பட்டறைக்காரர் இன்னும் இரண்டு இடத்தில் சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பித்தான் சின்னவள் தனியாக ஒரு வீடு பார்க்கலாமா என்றே யோசிக்கத் தொடங்கியிருந்தாள்.

அந்த முப்பத்தாறு நாற்காலியும் பெட்டியில் இல்லை. அது அண்ணிக்குத் தெரியும். அழித்ததே அவள்தான்.

நேற்று மாலை ஆறு மணிக்குப் பெட்டியைக் கொஞ்சம் காலி செய்யலாம் என்று தன் விண்டோஸ் லேப்டாப்பில் திறந்தாள். ‘போட்டோ’ என்று ஒரு ஃபோல்டர். அதற்கு நேர் கீழே ‘போட்டோ’ என்று இன்னொரு ஃபோல்டர். எழுத்துக்கு எழுத்து அதே பெயர். இந்த மனுஷன் எதையோ இரண்டு தடவை காப்பி பண்ணித் தொலைத்திருக்கிறார் என்று நினைத்தாள். முதலாவதைத் திறந்தாள். குடும்பப் படங்கள். இரண்டாவதைத் திறந்தாள். படங்கள் மெதுவாக ஒவ்வொன்றாய் வந்துகொண்டிருந்தன. முழுசாக வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. மூடினாள். அழி என்றாள். ‘நிரந்தரமாக அழிந்துவிடும், சம்மதமா?’ என்று லேப்டாப் கேட்டது. சம்மதம் என்றாள்.

இவ்வளவுதான் நடந்தது. இவ்வளவுதான், இவ்வளவுதான் என்று காலையிலிருந்து இருபது தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போதே எழுந்து போய்ச் சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால் மட்டும் படங்கள் திரும்பி வரவா போகின்றன? நிரந்தரமாக என்று கேட்டுத்தானே அழித்தது? அதுவும் பேச்சே இல்லாத இந்த வாரத்தில்? யார் நம்புவார்கள்? வேண்டுமென்றே செய்தாள் என்றுதான் நினைப்பார்கள்.

சிவப்புப் பேனாவை எடுத்து அடுத்த வரிக்குப் போனாள்.

மேலே சர்வர் வைத்தியத்தை ஆரம்பித்துவிட்டான். முதலில் சின்னவளின் மேக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். அப்புறம் பெட்டியை அணைத்துப் போட்டான். வயரைப் பிடுங்கிச் செருகினான். யூசர் பேரைத் திரும்ப அடித்தான், பாஸ்வேர்டைத் திரும்ப அடித்தான். பெட்டியின் முகவரியை எண்ணாகவே அடித்துப் பார்த்தான். மேக் அசைந்து கொடுக்கவில்லை. பெட்டியா, அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே என்றது.

“இந்தாம்மா, உன் லேப்டாப்ல பெட்டி தெரியுதா?” என்று படிக்கட்டிலிருந்து கேட்டான்.

“தெரியுதுங்க.”

“பாத்தியா? பெட்டில ஓடறது லினக்ஸ், உனக்கு விண்டோஸ், இவளுக்கு மேக். மூணும் மூணு பாஷை பேசுது. உன்னுது மட்டும் எப்படியோ புரிஞ்சுக்குது. இவளுது மட்டும் முறைச்சுக்கிட்டு நிக்குது.”

சொல்லக் கூடாததுதான், ஆனாலும் சொல்கிறேன்: கனெக்‌ஷன் சரியாகவே கூடாது என்று அண்ணி வேண்டிக்கொண்டாள். மூன்று கம்ப்யூட்டரும் சாயங்காலம் வரை முறைத்துக்கொண்டே இருக்கட்டும். பழி இயந்திரத்தின் தலையில் விழட்டும்.

பன்னிரண்டு மணிவரை அவள் வேண்டுதல் பலித்தது. அப்புறம் சர்வர் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“அடச்சே! நீ எந்த வைஃபைல இருக்க பாரு!”

அந்த வீட்டில் வைஃபை இரண்டு லைன். ஒன்று ‘வீடு’, இன்னொன்று ‘விருந்தாளி’. வருகிறவர்கள் இன்டர்நெட் பார்க்க வேண்டுமானால் விருந்தாளி லைன். அதிலிருந்து உலகத்தையே பார்க்கலாம், இந்த வீட்டுக் கம்ப்யூட்டர்களை மட்டும் பார்க்க முடியாது. சர்வரே அப்படித்தான் அமைத்திருந்தான். விடியற்காலையில் கரண்ட் போய் வந்தபோது, மேக் தானாகவே தனக்குப் பழகின விருந்தாளி லைனில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

“பாஷையாவது மண்ணாவது! மூணு மணி நேரம் வீணாப் போச்சு” என்றான்.

சின்னவள் சிரித்தாள். சிரிக்காமலே இருந்திருக்கலாம்.

“ஏழு மாசமா இருக்கேன். இன்னும் விருந்தாளி லிஸ்ட்லயா இருக்கேன்?”

“அதெல்லாம் இல்ல. வீட்டு லைனுக்கு உன்ன எப்பவோ மாத்தியாச்சு. இது பழசை ஞாபகம் வச்சிருக்கு. இரு, விருந்தாளி லைனை மறந்துடச் சொல்றேன்.” தட்டினான். “இனிமே நீயே பாஸ்வேர்டு போட்டாலொழிய அந்தப் பக்கம் போகாது.”

விருந்தாளி லைனுக்குப் பாஸ்வேர்டு வைத்தது அண்ணி. ‘வாங்க வாங்க’ என்று இரண்டே வார்த்தையில் வைத்திருந்தாள். சின்னவள் வந்த அன்று அதைத் தன் கையாலேயே மேக்கில் அடித்துக் கொடுத்தாள். அழுது வீங்கியிருந்த சின்னவள் அப்போது எதையும் கவனிக்கவில்லை. படியருகே நின்றிருந்த அண்ணிக்கு அந்த நாள் இப்போது ஏன் ஞாபகம் வரவேண்டும்? வந்தது.

பெட்டி திறந்தது. ‘போட்டோ’ திறந்தது. குடும்பப் படங்கள். கீழே, இன்னும் கீழே, கடைசிவரை குடும்பப் படங்கள்.

“என் நாற்காலி எங்க?”

“லிஸ்ட் பழசைக் காட்டுதோ என்னவோ. உங்க அண்ணி லேப்டாப்ல பார்ப்போம்.”

இருவரும் இறங்கி வந்தார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு சின்னவள் அண்ணியின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“அண்ணி, கொஞ்சம் பாருங்களேன். உங்களுக்காவது தெரியுதா?”

அண்ணி பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

“இல்லையே... தெரியலையே” என்றாள்.

பொய் இல்லை; இப்போது தெரியவில்லைதான். ஆனாலும் அவள் காது மடல் சுட்டது.

ஒரு மணிக்குப் பட்டறைக்காரர் போன் செய்தார். சின்னவள் ஜன்னல் பக்கம் போய், “அனுப்பிடறேன் சார், நாலு மணிக்குள்ள அனுப்பிடறேன்” என்று மூன்று தடவை சொன்னாள். போனை வைத்துவிட்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“என் தப்புதான். கார்டை அழிக்கறதுக்கு முன்னாடி இன்னொரு இடத்துல வச்சிருக்கணும். எதையும் உருப்படியா செய்யத் தெரியலன்னு அவர் சொல்லுவார். சரியாத்தான் சொல்லியிருக்கார்.”

யார் அந்த ‘அவர்’ என்று யாரும் கேட்கவில்லை. விட்டு வந்த புருஷன்தான்.

“வாயைக் கழுவு” என்றான் சர்வர். “தப்பு என் பேர்ல. பெட்டியைத் திரும்பத் திரும்ப அணைச்சுப் போட்டேன் பாரு, டிஸ்க்குக்கு ஏதாவது ஆகியிருக்கும்.”

தங்கை தன்மேல் போட்டுக்கொள்கிறாள். அண்ணன் தன்மேல் போட்டுக்கொள்கிறான். நடுவில் அண்ணி மூன்று பேருக்கும் சாப்பாடு எடுத்து வைத்தாள். அண்ணன் தட்டு மட்டும் பாதி காலியானது.

இரண்டு மணிக்கு மேல் சர்வர், பெட்டியை மறுபடி அணைக்கப் பயந்து, அது ஓடும்போதே ஸ்க்ரூ டிரைவரோடு அலமாரியில் தலையை விட்டான்.

“யாராவது அழிச்சிருந்தாக்கூட சுலபமா எடுத்துடலாம்” என்று உள்ளிருந்து முனகினான். “அழிக்கறது எல்லாம் பெட்டிக்குள்ள ஒரு குப்பைக்கூடைக்குப் போகற மாதிரி வச்சிருக்கேன். உங்க ரெண்டு பேருக்கும் அது தெரியாது. தினம் மத்தியானம் மூணு மணிக்குத் தானா காலியாயிடும். ஆனா யார் போய் அழிக்கப் போறா? இது டிஸ்க்தான்.”

அண்ணியின் கையிலிருந்த தட்டு சிங்க்கில் டங்கென்று விழுந்தது.

சுவர்க்கடிகாரத்தில் இரண்டு இருபத்தைந்து.

சொன்னால் மட்டும் வந்துவிடப் போகிறதா என்று காலையிலிருந்து ஒரு சாக்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாளே, அது அறுந்தது. சொன்னால் வந்துவிடும். சொல்லாவிட்டால் முப்பத்தைந்து நிமிடத்தில் போயே போய்விடும்.

இதற்கப்புறம் அவள் ஓடிப்போய்ச் சொன்னாள் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. அவள் தட்டைக் கழுவினாள். கழுவின தட்டையே மறுபடி கழுவினாள். திருத்தின பக்கங்களை அடுக்கினாள். அவர் எப்படியாவது தானாகக் குப்பைக்கூடையைத் திறந்து பார்த்துவிட மாட்டாரா, நான் வாயே திறக்காமல் இது முடிந்துவிடாதா என்று ஏங்கினாள். அலமாரிக்குள் ஸ்க்ரூ ஒவ்வொன்றாகக் கழன்று தரையில் உருண்டது.

இரண்டு நாற்பத்தெட்டுக்குச் சின்னவள் போனைக் கையில் எடுத்தாள்.

“என்னால முடியலன்னு சொல்லிடறேன்ணா. வேற யாரையாவது வச்சுக்கட்டும். இனிமே இந்த வேலையே வேண்டாம்.”

“போனை வை!” என்று அண்ணி கத்தினாள். அவள் கத்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. “நான்தான். நான்தான் அழிச்சேன். நேத்து சாயங்காலம். என்னங்க, அந்தக் கூடையைப் பாருங்க, மூணு ஆகப் போகுது!”

சர்வரின் தலை அலமாரித் தட்டில் ணங்கென்று மோதியது. “எதை அழிச்ச?”

“ரெண்டு போட்டோ இருந்துச்சு. ஒரே பேர்ல. டபுள்னு நினைச்சேன்...”

கழற்றின ஸ்க்ரூவை மிதித்துக்கொண்டு சர்வர் பெட்டியின் முன் உட்கார்ந்தான். இருக்கிற பதற்றத்தில் தன் பாஸ்வேர்டையே இரண்டு தடவை தப்பாக அடித்தான். காலி செய்கிற வேலையை அவன் நிறுத்தியபோது மணி இரண்டு ஐம்பத்தேழு.

கூடைக்குள் ‘போட்டோ’ இருந்தது.

“முப்பத்தாறு” என்று சின்னவள் எண்ணி முடித்தாள். இன்னொரு தடவையும் எண்ணினாள். மூன்றரைக்குப் படங்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மூன்று நாற்பதுக்குப் பட்டறைக்காரர், ‘பிரமாதம்’ என்று ஒரே வார்த்தையில் செய்தி அனுப்பினார்.

சர்வருக்குத் தலைகால் புரியவில்லை. காப்பாற்றிவிட்டோம் என்ற சந்தோஷம் ஒருபுறம், புதிர் விடுபட்ட சந்தோஷம் ஒருபுறம். இரண்டு ஃபோல்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரை மணி நேரம் ஏதேதோ தட்டிப் பார்த்துவிட்டு, வகுப்பே எடுத்துவிட்டான்.

“ஒரு பெட்டில ஒரே பேர்ல ரெண்டு ஃபோல்டர் இருக்கவே முடியாதே, எப்படி வந்துச்சு? கேளுங்க. ‘போ’ன்னு எழுத ரெண்டு வழி இருக்கு. முன்னாடி வர்ற கொம்பையும் பின்னாடி வர்ற காலையும் சேர்த்து ஒரே குறியா வச்சுக்கறது ஒரு வழி. கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டு குறியா வச்சுக்கறது இன்னொரு வழி. நான் பண்ண ஃபோல்டர் முதல் வழி. சின்னவ மேக்லேர்ந்து அனுப்பினது ரெண்டாவது வழி. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். பெட்டிக்கு ரெண்டும் வேற வேற.”

“அப்ப யார் பேர்லயும் தப்பு இல்லையா?” என்றாள் சின்னவள்.

“இல்லவே இல்ல! யார் பார்த்தாலும் டபுள்னுதான் நினைப்பாங்க. உங்க அண்ணிக்கே, ஊரு உலகத்துப் பிழையெல்லாம் பிடிக்கற அண்ணிக்கே, தெரியலன்னா பாத்துக்கோ!”

சின்னவள் அண்ணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தோளைத் தொட்டாள்.

“காலைலேர்ந்து எவ்வளவு தவிச்சிருப்பீங்க அண்ணி. முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன பேயா? அன்னிக்குக்கூட நீங்க இடம் இல்லன்னது பெட்டியைத்தான்னு இப்பத்தான் புரியுது. நான்தான் தப்பா எடுத்துக்கிட்டு ஒரு வாரமா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டேன். மன்னிச்சிடுங்க.”

அவள் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் இவள் கேட்கிறாள்.

இத்தோடு முடிந்தது. ம் என்று ஒரு தலையாட்டு போதும். ஒரு குறையும் சொல்ல முடியாத சாக்கைக் கணவனே செய்து கையில் கொடுத்துவிட்டான். எழுந்து போய் காபி போட்டுக் கொண்டுவந்தால், ஒரு வாரமாகத் தொலைந்துபோன வீடு திரும்பிவிடும்.

ஆனால் கொம்பு தனி, கால் தனி என்று அவன் சொன்னபோதே அவளுக்குச் சுருக்கென்று தைத்திருந்தது. கால்.

“கால் தெரிஞ்சுது” என்றாள்.

“என்ன அண்ணி?”

“ரெண்டாவது ஃபோல்டரைத் திறந்தேன். படம் முழுசா வரல. ஆனா முதல் படத்துல ஒரு நாற்காலியோட கால் தெரிஞ்சுது. மரக்கால். கடைசல் போட்டது. நம்ம வீட்டுல அப்படி நாற்காலி கிடையாது.”

சர்வரின் கை மேஜைமேல் நின்றது.

“உன்னுதா இருக்குமோன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. ஒரு நிமிஷம்கூட இல்ல, அரை நிமிஷம். அவதான் என்னோட பேசறதில்லையே, அவ சாமானை நான் எதுக்குப் பாத்துக்கிட்டு இருக்கணும்னு கோவம். டபுள்தான், டபுள்தான்னு சொல்லிக்கிட்டே மூடினேன். சம்மதமான்னு கேட்டுச்சு. சம்மதம்னு அழுத்தினேன். அன்னிக்கு இடம் இல்லன்னு சொன்னதும் பெட்டியை மட்டும் இல்ல. என்னை மன்னிக்காத. ஆனா தெரியாம செஞ்சேன்னு மட்டும் நினைச்சுக்காத.”

“ஏய், என்ன பேசற நீ?” என்றான் சர்வர். கோபமா, பயமா என்று அவனுக்கே தெரியவில்லை.

அண்ணியின் தோளிலிருந்த கையைச் சின்னவள் எடுத்துக்கொண்டாள். வெடுக்கென்று எடுக்கவில்லை; மெதுவாகத்தான் எடுத்தாள். அப்புறம் மேக்கை மடிமேல் இழுத்து வைத்து, வைஃபை பட்டியலைத் திறந்தாள். ‘வீடு’ என்று இருந்த இடத்தில் அழுத்தித் துண்டித்தாள்.

“அண்ணா விருந்தாளி லைனை மறக்கச் சொல்லிட்டான். மறுபடி பாஸ்வேர்டு போடணும்” என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அண்ணி தாங்கியிருப்பாள். “வீடு கிடைக்கற வரைக்கும் எனக்கு அது போதும். பாஸ்வேர்டு நீங்கதானே வச்சீங்க? என்னன்னு சொல்லுங்க அண்ணி, அடிக்கறேன்.”

விரல்களைக் கீபோர்டின்மேல் வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.

அண்ணி வாயைத் திறந்தாள். அந்த இரண்டு வார்த்தை வரவில்லை.